கோட்டையில் சுருங்கும் முன்னிலை: ஒரு கருத்துக்கணிப்பு எண் உருவாகும் விதம்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் குடியரசுக் கட்சியின் கோட்டை. 1976இல் ஜிம்மி கார்ட்டர் வென்றதற்குப் பிறகு, அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் எவரும் அங்கே வென்றதில்லை. 1994க்குப் பிறகு, மாநிலம் முழுவதும் சேர்ந்து வாக்களிக்கும் எந்தப் பதவியையும் அந்தக் கட்சி கைப்பற்றியதில்லை. அத்தகைய மாநிலத்தில் 2020 ஜூலையில் குவின்னிபியாக் பல்கலைக்கழகம் வெளியிட்ட கருத்துக்கணிப்பு, ஜோ பைடனுக்கு 45 சதவீதமும் டொனால்ட் டிரம்புக்கு 44 சதவீதமும் ஆதரவு இருப்பதாகச் சொன்னது. அதற்கு முந்தைய மாதம் அதே பல்கலைக்கழகத்தின் கணிப்பில் டிரம்ப் ஒரு புள்ளி, அதாவது நூற்றுக்கு ஒன்று, முன்னிலையில் இருந்தார். தேர்தலுக்கு முந்தைய நாள் வரை பல கணிப்புகளின் சராசரியும் டிரம்புக்கு ஏறத்தாழ ஒரு புள்ளி முன்னிலையைத்தான் காட்டியது. வாக்குகளை எண்ணியபோது அவர் 5.6 புள்ளி வித்தியாசத்தில் வென்றிருந்தார்.

இதைக் கேட்டவுடன், கணிப்புகள் எப்போதும் ஜனநாயகக் கட்சியின் பக்கமே சாய்கின்றன என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் அதே டெக்சஸில் 2018இல் நடந்த செனட் தேர்தலில் குடியரசுக் கட்சியின் டெட் குரூஸ் 5 முதல் 7 புள்ளி வரை முன்னிலையில் இருப்பதாகச் சராசரிகள் காட்டின; ஜனநாயகக் கட்சியின் பீட்டோ ஓரூர்க்கை அவர் வென்றதோ 2.6 புள்ளி வித்தியாசத்தில்தான். ஆக, இரண்டே ஆண்டு இடைவெளியில் ஒரே மாநிலத்தில் பிழை இரு திசைகளிலும் நேர்ந்திருக்கிறது. ஒரு கட்சியின் கோட்டையில் முன்னிலை சுருங்குவதாகச் செய்தி வரும்போது, சுருங்குவது வாக்காளர்களின் ஆதரவா, அளக்கும் முறை உண்டாக்கிய தோற்றமா என்பதை எப்படிப் பிரித்தறிவது? அந்த எண் எங்கிருந்து பிறக்கிறது என்று பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

முதலில், செய்திகளின் அடியில் சிறிய எழுத்தில் வரும் பிழை வரம்பை, அதாவது தற்செயலால் எண் எவ்வளவு விலகக்கூடும் என்று காட்டும் அளவை, எடுத்துக்கொள்வோம். 800 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துக் கேட்டால், பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 3.5 புள்ளி என்று போடுவார்கள். பலரும் இதை முன்னிலைக்கு உரிய வரம்பாகப் படிக்கிறார்கள். உண்மையில் அது ஒரு வேட்பாளரின் தனி ஆதரவுக்கு மட்டுமே உரியது. முன்னிலை என்பது இரண்டு எண்களின் வித்தியாசம். மாதிரியில் தற்செயலாக ஒரு பக்கத்து ஆதரவாளர் ஒருவர் கூடுதலாக வந்துவிட்டால், பெரும்பாலும் மறுபக்கத்தில் ஒருவர் குறைகிறார். ஒரே தற்செயல் வித்தியாசத்தை இரண்டு பக்கமும் இழுக்கிறது. அதனால் முன்னிலையின் பிழை வரம்பு ஏறத்தாழ இரு மடங்காகி, இந்த எடுத்துக்காட்டில் 6.6 புள்ளியாகிறது.

சுருக்கம் என்பதோ இன்னும் ஒரு படி தள்ளி நிற்பது. செப்டம்பரில் 9 புள்ளியாக இருந்த முன்னிலை அக்டோபரில் 3 புள்ளியாகிவிட்டது என்று சொல்லும்போது, தனித்தனியே பிழையுடைய இரண்டு முன்னிலைகளை ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறோம். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று சாராதவை என்பதால் அவற்றின் வர்க்கங்களைக் கூட்ட வேண்டும். கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வரம்பு 9.3 புள்ளியாகிறது. மாநிலத்தில் ஒரே ஒரு வாக்காளர்கூட மனம் மாறாதிருந்தாலும், இத்தகைய இரண்டு கணிப்புகளின் முன்னிலைகள் 6 புள்ளியோ அதற்கு மேலோ விலகி வருவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு முறை நிகழக்கூடியது. ஒரு தேர்தல் காலத்தில் எத்தனையோ கணிப்புகள் வருகின்றன. அவற்றில் இப்படி விலகி வருவதுதான் தலைப்புச் செய்தியாகிறது, பழைய நிலையே நீடிப்பதாகச் சொல்பவை ஏழாம் பக்கத்துக்குப் போகின்றன.

இதுவரை சொன்ன கணக்கு முழுவதும், மாதிரி தூய்மையான குலுக்கலில் அமைந்தது என்ற நிபந்தனைக்கு உட்பட்டது. நெல் மண்டியில் வியாபாரி மூட்டையின் மேல்வாயை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. குத்தூசியை நடு மூட்டைக்குள் செருகி, அதில் ஏறும் நெல்லை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கிறார். கைப்பிடி நெல் மூட்டைக்காகப் பேசுவதற்குக் காரணம், ஊசிக்குள் ஏறலாமா வேண்டாமா என்று நெல்மணிகள் முடிவு செய்வதில்லை என்பதே. வாக்காளர்கள் முடிவு செய்கிறார்கள். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளுக்கு 1997இல் அழைத்தவர்களில் 36 சதவீதத்தினர் பதில் சொன்னார்கள்; 2018இல் அது 6 சதவீதமாகிவிட்டது. நூறு பேரில் ஆறு பேர் மட்டுமே ஊசிக்குள் ஏறும் நிலையில், அந்த ஆறு பேர் எப்படிப்பட்டவர்கள் என்பதே முழுக் கேள்வியாகிறது.

அந்த ஆறு பேரை மாநிலத்தின் சாயலுக்குக் கொண்டுவரும் வேலைக்குத்தான் எடையிடல் என்று பெயர். மாநிலத்தின் வாக்காளர்களில் இளைஞர்கள் 15 சதவீதம் இருக்க, பதில் சொன்னவர்களில் 5 சதவீதமே இருந்தால், ஒவ்வோர் இளைஞரின் பதிலும் மூன்று பதில்களாக எண்ணப்படும். வயது, பால், இனம், கல்வி, வசிக்கும் பகுதி என்று இந்தச் சரிக்கட்டல் நீள்கிறது. தேவையான வேலைதான், ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. 2016இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய கணிப்பில் ஏறத்தாழ 3,000 பேர் இருந்தார்கள். அவர்களில் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த 19 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர், சராசரி நபரைவிட 30 மடங்கு எடை பெறும் அளவுக்கு அபூர்வமான பிரிவில் விழுந்தார். அவர் டிரம்பை ஆதரித்தார். அவர் பதில் சொன்ன வாரங்களில் டிரம்பின் நாடு தழுவிய ஆதரவு ஏறத்தாழ ஒரு புள்ளி உயர்ந்தது. அவர் பதில் சொல்லாத வாரங்களில் இறங்கியது. கோடிக்கணக்கான வாக்காளர்களின் மனப்போக்காக வாசிக்கப்பட்ட ஏற்ற இறக்கத்தில் ஒரு பகுதி, தனி ஒரு மனிதர் கருத்துக் கேட்கப்பட்டபோது பதில் அனுப்பினாரா இல்லையா என்பதைப் பொறுத்திருந்தது.

எதை வைத்து எடையிடுவது என்பதில் வல்லுநர்களே ஒத்துப்போவதில்லை. 2016 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ், புளோரிடாவில் 867 பேரிடம் எடுத்த கணிப்பின் மூலத் தரவை நான்கு தனித்தனி வல்லுநர் குழுக்களிடம் கொடுத்து, அவரவர் முறைப்படி முடிவு சொல்லக் கேட்டது. ஒரு குழு ஹிலாரி கிளிண்டன் 4 புள்ளி முன்னிலை என்றது. இன்னொன்று 3 புள்ளி என்றது. மூன்றாவது ஒரு புள்ளி என்றது. நான்காவது, டிரம்ப் ஒரு புள்ளி முன்னிலை என்றது. பதில் சொன்ன மனிதர்கள் மாறவில்லை, கேள்வி மாறவில்லை, ஓர் எழுத்துகூட மாறவில்லை. இருந்தும் முன்னிலை 5 புள்ளி நகர்ந்தது. கருத்துக்கணிப்புகளைப் பற்றி ஒரே ஒரு செய்தியை மட்டும் ஒருவருக்குச் சொல்ல வேண்டுமானால், நான் இந்தச் சோதனையைத்தான் சொல்வேன்.

அந்த ஐந்து புள்ளியில் கணிசமான பங்கு, யார் வாக்களிக்க வருவார்கள் என்ற ஊகத்திலிருந்து வந்தது. கேட்கப்படுபவர்களில் எல்லோரும் வாக்குச்சாவடிக்குப் போவதில்லை என்பதால், கடந்த தேர்தல்களில் வாக்களித்தாரா, இம்முறை நிச்சயம் வாக்களிப்பாரா என்றெல்லாம் பார்த்துச் சலிப்பார்கள். ஒரு கட்சியின் கோட்டையில் இந்தச் சல்லடை எளிதில் ஏமாறும். தோல்வி உறுதி என்று பல தேர்தல்களாக வீட்டிலேயே இருந்தவர்கள், போட்டி உண்டு என்ற நம்பிக்கை பிறந்தவுடன் வெளியே வருகிறார்கள்; அவர்களுடைய கடந்த காலமோ வராதவர்களின் கடந்த காலம். டெக்சஸில், அதிபரின் பதவிக்காலத்துக்கு நடுவே வரும் 2014 இடைக்காலத் தேர்தலில் ஏறத்தாழ 47 லட்சம் பேர் வாக்களித்தார்கள். 2018இல் 83 லட்சத்துக்கும் மேல். பழைய வருகைப் பதிவை நம்பிய எந்தச் சல்லடையும் அந்தப் புதியவர்களில் பலரை உமியோடு சேர்த்துத் தள்ளியிருக்கும். குரூஸின் முன்னிலை கணிப்புகளில் பெரிதாகத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

இவற்றையெல்லாம்விட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. அதுவே முன்னிலை சுருங்கியது போன்ற தோற்றத்தை அதிகம் உண்டாக்குவது. 2012 அக்டோபரில் ஒபாமாவும் மிட் ரோம்னியும் மோதிய முதல் விவாதத்தில் ஒபாமா சோபிக்கவில்லை. அடுத்த சில நாள்களில் கணிப்புகளில் ரோம்னி வேகமாக ஏறினார். அந்தத் தேர்தலின் கடைசி 45 நாள்களில், எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவியின் வழியாக ஏறத்தாழ 3,46,000 பேரிடம் ஏழரை லட்சம் முறை கருத்துக் கேட்ட ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. புள்ளியியலாளர் ஆண்ட்ரூ கெல்மனும் அவருடைய சகாக்களும், ஒரே நபர்களின் பதில்களைத் தொடர்ந்து பார்க்க முடிந்ததால், ரோம்னி பக்கம் உண்மையில் மாறியவர்கள் மிகச் சிலரே என்று கண்டார்கள். விவாதத்தால் மனம் சோர்ந்த ஜனநாயகக் கட்சியினர் பதில் சொல்வதைக் குறைத்துக்கொண்டார்கள். உற்சாகமடைந்த குடியரசுக் கட்சியினர் கூடுதலாகச் சொன்னார்கள். மாறியது பதில் சொன்னவர்களின் கலவை. கட்சிச் சார்புக்கும் எடையிட்டுப் பார்த்தபோது அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி மறைந்துவிட்டது.

ஒரு கட்சியின் கோட்டையில் அந்தக் கட்சியின் வேட்பாளர் சறுக்கிய வாரத்தில் எடுக்கப்படும் கணிப்பை இந்த ஆய்வின் வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். கடந்த தேர்தலில் யாருக்கு வாக்களித்தீர்கள் என்ற கேள்விக்கான விடையையும் நிறுவனம் வெளியிட்டிருந்தால், அதை முந்தைய கணிப்பின் விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தப் பழைய விகிதமும் சேர்ந்து சாய்ந்திருந்தால், சுருங்கியிருப்பது பெரும்பாலும் பதில் சொல்லும் ஆர்வம். பழைய விகிதம் அசையாதிருக்க முன்னிலை மட்டும் குறைந்திருந்தால், மனமாற்றத்தைப் பற்றிப் பேச இடமுண்டு.

உண்மையான மாற்றம் நிகழும்போதுகூட, அது மாநில எண்ணுக்குள் ஒளிந்துகொள்ளக்கூடும். டெக்சஸின் தெற்கு எல்லையில், ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிய ஸ்டார் மாவட்டத்தில் மக்கள்தொகையில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஹிஸ்பானியர்கள், அதாவது ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளியினர். அங்கே 2016இல் கிளிண்டன் ஏறத்தாழ 60 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். 2020இல் பைடன் வெறும் 5 புள்ளியில் வென்றார். 2024இல் டிரம்ப் அதைக் கைப்பற்றினார். பெருநகரங்களின் புறநகர்கள் ஒரு பக்கம் நகர, இந்த எல்லை மாவட்டங்கள் எதிர்ப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தன. 800 பேர் கொண்ட டெக்சஸ் கணிப்பில் ஹிஸ்பானியர்கள் 200 பேர் இருந்தால், அவர்களுக்கு மட்டும் உரிய பிழை வரம்பு 7 புள்ளி. அவர்களுக்குள் எல்லையோரத்தில் வசிப்பவர்கள் கைவிரல்களில் எண்ணக்கூடிய சிலரே. எடையிடும்போது ஹிஸ்பானியர்களின் மொத்த விகிதம் சரியாக இருக்கும். எந்த ஊர் ஹிஸ்பானியர், ஆங்கிலத்தில் பேட்டி கொடுத்தவரா, ஸ்பானிய மொழியில் கொடுத்தவரா என்பது தவறிப்போகலாம்.

பல கணிப்புகளைச் சராசரியாக்கினால் தற்செயல் பிழை கரையும் என்பது உண்மை. எல்லோருக்கும் பொதுவான பிழை கரையாது. 1998 முதல் 2014 வரை மாநில அளவில் நடந்த 608 தேர்தல்களுக்கான 4,221 கணிப்புகளைக் கெல்மன் குழு ஆராய்ந்தபோது, அவற்றின் சராசரிப் பிழை ஏறத்தாழ 3.5 புள்ளி என்றும், அறிவிக்கப்பட்ட பிழை வரம்புகள் உணர்த்துவதைப் போல் அது இரு மடங்கு என்றும் தெரிந்தது. ஒரே வகை மனிதர் எல்லா நிறுவனங்களின் அழைப்பையும் துண்டிக்கிறார் என்றால், பத்துக் கணிப்புகளைச் சேர்த்தாலும் அவர் அதில் வருவதில்லை.

2024 நவம்பர் 2ஆம் தேதி அயோவாவில் வெளியான கணிப்பை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. ஜூனில் பைடனுக்கு எதிராக டிரம்ப் 18 புள்ளி முன்னிலை, செப்டம்பரில் கமலா ஹாரிஸுக்கு எதிராக 4 புள்ளி முன்னிலை என்று சொன்ன, கருத்துக்கணிப்பாளர் ஆன் செல்சரின் கணிப்பு, இப்போது 808 பேரின் பதில்களைக் கொண்டு ஹாரிஸ் 3 புள்ளி முன்னிலை என்றது. 2020இல் மற்றவர்கள் இழுபறி என்றபோது டிரம்ப் 7 புள்ளி முன்னிலை என்று தனித்துச் சொல்லி, நடந்ததை நெருங்கியவர் அவர். இம்முறை டிரம்ப் 13 புள்ளியில் வென்றார். செல்சருடைய முறை குறைவாகவே எடையிடும் முறை. அதன் வலிமையும் ஆபத்தும் ஒன்றே. இருந்தாலும், கிடைத்த எண்ணை மற்றவர்களின் எண்ணுக்கு அருகில் நகர்த்தாமல் வெளியிட்டது சரியான செயல் என்பதில் எனக்கு ஐயமில்லை. விலகிய முடிவுகளை எல்லா நிறுவனங்களும் மேசைக்குள் வைத்துப் பூட்டினால், கணிப்புகள் தேர்தலை அளக்காமல் ஒன்றையொன்று அளக்கத் தொடங்கிவிடும்.

சுருக்கத்தைக் கணிப்புகள் அறவே தவறவிட்ட இடமும் உண்டு. விஸ்கான்சின் 1988 முதல் 2012 வரை ஏழு அதிபர் தேர்தல்களில் தொடர்ந்து ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்த மாநிலம். 2000த்திலும் 2004இலும் அந்த வெற்றி ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் கிடைத்தது என்பதைப் பலரும் மறந்திருந்தார்கள். 2016இல் கட்சியின் வேட்பாளரான பிறகு கிளிண்டன் அங்கே பிரச்சாரத்துக்கே போகவில்லை. மார்க்வெட் சட்டப் பள்ளியின் கடைசிக் கணிப்பு கிளிண்டனுக்கு 46, டிரம்புக்கு 40 என்றது. எல்லோரும் 6 என்ற வித்தியாசத்தைப் பார்த்தார்கள். 46 என்பது பாதிக்குக் கீழே இருப்பதையும், மீதி 14 சதவீதத்தினர் சிறு கட்சிகளிடமும் முடிவு செய்யாதவர்களிடமும் இருப்பதையும் கவனித்தவர்கள் குறைவு. கடைசி வாரத்தில் முடிவெடுத்தவர்கள் பெருமளவில் டிரம்ப் பக்கம் சாய்ந்தார்கள் என்பதும், மாநிலக் கணிப்புகள் பலவும் கல்வித் தகுதிக்கு எடையிடாமல் பட்டதாரிகளை அளவுக்கு மீறிக் கணக்கில் எடுத்தன என்பதும் பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தன. ஏறத்தாழ 30 லட்சம் வாக்குகள் பதிவான அந்தத் தேர்தலில் டிரம்ப் 22,748 வாக்குகளில், அதாவது 0.8 புள்ளியில் வென்றார். அவ்வளவு சிறிய முன்னிலையைத் தற்செயலிலிருந்து பிரித்துக் காட்ட, ஒருவர்கூடப் பதில் மறுக்காத தூய குலுக்கல் மாதிரியிலேயே 50,000க்கும் மேற்பட்டவர்களைக் கேட்க வேண்டியிருக்கும்.