மூன்றாவது அழுத்தம்: கையடக்கக் கோல்ஃப் விமர்சகர்களுக்குப் பிடித்த கதை

திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் படகில் போய்வந்தவர்களுக்கு இறங்கும் நேரம் நினைவிருக்கும். இறங்குதுறையில் படகு ஏறி இறங்கிக்கொண்டே நிற்கும். பழகாதவர் படகின் விளிம்பும் பலகையும் சமமாக வரும்வரை பார்த்திருந்து, சமமானதும் காலை எடுப்பார். கால் போய்ச் சேர்வதற்குள் படகு தாழ்ந்துவிடும். கூடையோடு நிற்கும் மீன்காரப் பெண்மணி அப்படிச் செய்வதில்லை. படகு இன்னும் மேலே வந்துகொண்டிருக்கும்போதே காலைத் தூக்குவார். பாதம் பலகையில் படுகிற கணத்தில் இரண்டும் சமமாக இருக்கும்.

அந்தப் படகில்தான் என் அக்காவின் மகனுக்குப் பழைய பிஎஸ்பி ஒன்றில், அதாவது சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியில், கோல்ஃப் விளையாடச் சொல்லிக்கொடுத்தேன். ஓடிவரும் குறி ஒரு கோட்டைத் தொடும் கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். "மாமா, கோடு வந்தாப்பிறகுதான் அமத்துறன், ஆனா பிந்துது" என்றான். "வந்தாப்பிறகு அமத்தாத தம்பி, வர முதலே அமத்து" என்றேன். அவனுக்கு அப்போது புரியவில்லை. பெண்மணியின் காலைக் காட்டியதும் புரிந்துவிட்டது.

2004 டிசம்பர் 12 அன்று ஜப்பானில் பிஎஸ்பி வெளிவந்தபோது, அதே நாளில் கடைக்கு வந்த விளையாட்டுகளில் ஒன்று கிளாப் ஹான்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'மின்னா நோ கோல்ஃப் போர்ட்டபிள்'. ஐரோப்பாவில் அதற்கு 'எவ்ரிபடிஸ் கோல்ஃப்' என்று பெயர், அமெரிக்காவில் 'ஹாட் ஷாட்ஸ் கோல்ஃப்: ஓப்பன் டீ'. பெரிய தலையும் சின்ன உடம்புமாகக் கார்ட்டூன் ஆட்கள், பளிச்சென்ற பச்சைப் புல்வெளி. விமர்சகர்கள் நன்றாகவே வரவேற்றார்கள். அவர்கள் எழுதியவற்றில் இரண்டு கருத்துகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று, கற்பது எளிது, கைவசப்படுத்துவது கடினம். மற்றது, இதே தொடரின் முன்னைய பாகங்களிலிருந்து பெரிதாக எதுவும் மாறவில்லை. முதலாவது வெறும் பாராட்டு வார்த்தை போலத் தோன்றும். ஆனால் அதை அளந்து காட்டலாம்.

அடிப்பதற்கு ஒரே பொத்தானை மூன்று முறை அழுத்த வேண்டும். முதல் அழுத்தத்தில் திரையின் அடியில் உள்ள பட்டையில் ஒரு குறி ஓடத் தொடங்கும். இரண்டாவது அழுத்தம் பலத்தை நிர்ணயிக்கும். குறி திரும்பி ஓடிவரும்போது, தொடங்கிய கோட்டின் மேல் சரியாக மூன்றாவது முறை அழுத்த வேண்டும். முந்தினாலோ பிந்தினாலோ பந்து நேராகப் போகாது.

சரி, கணக்குப் பார்ப்போம். பட்டையின் முழு நீளம் 240 யார் (கெஜம்) தூரத்தைக் குறிக்கிறது, குறி அதை ஒரு செக்கனில் கடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் ஒன்றைக் கண்டு, மூளை முடிவெடுத்து, விரல் அசைவதற்கு மனிதருக்கு 200 முதல் 250 மில்லிசெக்கன் பிடிக்கும். ஆகவே 'கோடு வந்துவிட்டது' என்று பார்த்து அழுத்துகிறவர் 48 முதல் 60 யார் வரை தவறவிடுவார். எவ்வளவு பழகினாலும் இந்தத் தாமதம் பெரிதாகக் குறையாது, நரம்பின் வேகம் அவ்வளவுதான். ஆனால் சீரான வேகத்தில் வரும் ஒன்று எப்போது வந்து சேரும் என்று முன்கூட்டியே கணிப்பது வேறு திறமை. பழகியவருக்கு அதில் பிழை சில பத்து மில்லிசெக்கன்தான். 20 மில்லிசெக்கன் என்றால் இந்தப் பட்டையில் ஏறத்தாழ 5 யார்.

60 யார் பிழையை 5 யாராகக் குறைக்க ஓர் ஆள் செய்ய வேண்டியது, பார்த்து அழுத்துவதை விட்டுக் கணித்து அழுத்தத் தொடங்குவது மட்டுமே. அது ஒரு மாலைக்குள் வந்துவிடும், அதனால் கற்பது எளிது. மீதி 5 யாரைப் பூச்சியமாக்க முடியாது. வழக்கமாகப் பிந்துகிற விரலைத் திருத்தலாம், ஒரு முறை முந்தி ஒரு முறை பிந்தும் சிதறலை முழுதாகத் திருத்த வழியில்லை. அதனால் கைவசப்படுத்துவது கடினம். வடிவமைப்பாளர்கள் கோட்டின் அகலத்தை நம் சிதறலுக்கு மிக அருகில் வைத்திருக்கிறார்கள். இந்த விளையாட்டில் எனக்கு மிகப் பிடித்த வேலைப்பாடு இதுதான். கோடு இன்னும் அகலமாக இருந்தால் சலிக்கும், ஒடுங்கினால் வெறுப்பு வரும்.

கையடக்கமாக இருப்பதும் இங்கே உதவுகிறது. தொலைக்காட்சிகள் படத்தை மெருகேற்றுவதற்காகப் பத்து, இருபது மில்லிசெக்கன், சில வேளை அதைவிடவும் அதிகமாக எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பெட்டியிலும் அந்தத் தாமதம் ஒவ்வொரு விதம். ஒரு வீட்டில் பழகிய விரல் இன்னொரு வீட்டில் பிசகும். திரையும் பொத்தானும் ஒரே கருவியில் இருந்தால் அந்தக் குழப்பம் இல்லை. அப்புறம், ஒரு குழியை முடிக்கச் சில நிமிடம் போதும். பஸ் வந்துவிட்டால் பிஎஸ்பியைத் தூங்கவைத்துவிட்டு, ஏறி இருந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நிஜக் கோல்ஃபில் மட்டையும் பந்தும் தொட்டிருப்பது சுமார் அரை மில்லிசெக்கன். அதற்குள் இடுப்பு, தோள், மணிக்கட்டு எல்லாம் ஒத்துவர வேண்டும். ஆர்கேட் பாணி, அதாவது நிஜத்தை எளிமையாக்கிய இத்தகைய விளையாட்டு முறை, அந்த உடம்பு வேலையைக் கழற்றிவிட்டு, சாய்வு, புல், காற்று ஆகியவற்றை வைத்துக்கொள்கிறது. அடிக்கும் கணத்தில் கீழ்த்திசைப் பொத்தானைப் பிடித்தால் பந்து பின்சுழற்சியோடு போகும். பின்சுழலும் பந்து காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று அதை மேலே தூக்குகிறது. மக்னஸ் விளைவு என்பது இதுதான். எதிர்காற்றில் இந்தத் தூக்கல் கூடும், பந்து மேலே எழும்பித் தூரம் குறைந்து விழும். திருகோணமலையின் சீனக்குடாவில் விமானப்படையின் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அங்கே மேற்கு நோக்கி அடிக்கும் பந்துக்கும் இதே கதிதான். திரையில் காற்றைக் காட்டும் சின்ன அம்புக்குறியை என் மருமகன் ஒருபோதும் அலட்சியம் செய்ததில்லை. கடற்கரைப் பிள்ளை அல்லவா.

இனி விமர்சகர்களின் இரண்டாவது கருத்து. அது உண்மைதான். 1984இல் நின்டென்டோவின் ஃபாமிகொம் கருவிக்காகச் சடோரு இவாடா நிரலெழுதிய 'கோல்ஃப்' விளையாட்டிலேயே இந்த ஓடும் பட்டை இருந்தது. பிஎஸ்பி வரும்போது அதற்கு 20 வயது. ஆனால் இதைக் குறையாக எண்ணிப் புள்ளியைக் குறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மனிதரின் கணிப்புப் பிழை அந்த 20 வருடத்தில் மாறவில்லை, அதற்கு அளவெடுத்துத் தைத்த பட்டை ஏன் மாற வேண்டும்?

புள்ளிகளைக் கூட்டும் முறையும் இந்தக் கருத்து வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. ஜப்பானின் ஃபாமிட்சு இதழில் நால்வர் ஆளுக்குப் பத்துக்குப் புள்ளியிட்டு, மொத்தத்தை நாற்பதுக்குத் தருவார்கள். 2001இல் தொடங்கிய மெட்டாகிரிட்டிக் என்ற இணையத்தளம் பல விமர்சனங்களை 100க்கு மாற்றி, சில இதழ்களுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறது. அடி அருமை என்று 90 போட்டவரும் புதுமை இல்லை என்று 70 போட்டவரும் சேர்ந்தால் 80 வரும். இருவரில் ஒருவர்கூட 80 என்று நினைக்கவில்லை. அதனால் இத்தகைய விளையாட்டை வாங்க நினைப்பவரிடம், எண்ணை விட்டுவிட்டு, மூன்றாவது அழுத்தத்தைப் பற்றி விமர்சகர் என்ன எழுதியிருக்கிறார் என்று தேடிப் படிக்கத்தான் சொல்வேன்.

மருமகன் அன்று திரும்பி வரும்போது, உட்துறைமுகத்துக்குள் படகு நுழைகிற நேரம், நாலாவது குழியில் நின்றான். குறி திரும்பி ஓடிவந்தது. அவன் பட்டையைப் பார்க்கவேயில்லை, வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தான்.