அப்பாவின் பக்கத்தில் யாரோ எழுதிய ஒரு வரி

நூலகத்தை மூட அரை மணி நேரம்தான் இருந்தது. வெளியே அடைமழை. நனைந்த குடையை வாசலில் வைத்துவிட்டு வந்த ஓர் ஆசிரியை, கைபேசியை என் மேசையில் வைத்தார். "சேர், இத எப்படியாவது அழிச்சுத் தாங்க. நான் ஆறு தடவ அழிச்சிட்டேன். திரும்பத் திரும்ப வருது."

அது அவருடைய அப்பாவைப் பற்றிய விக்கிப்பீடியாப் பக்கம். தோட்டத் தலைவராக இருந்து, தொழிற்சங்கத்தில் மேலே வந்து, 1991இல் உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபைக்கும் தெரிவானவர் அவர். இளமையில் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், பிள்ளைகளைச் சேர்த்து நாடகம் போட்டவர். இன்றும் நம்மோடு இருக்கிறார். பக்கம் மொத்தமே பன்னிரண்டு வரி. அதில் ஒன்பதாவது வரி, அவர் சபை நிதியைக் கையாடி நீக்கப்பட்டதாகச் சொன்னது. அதற்கு எந்தச் சான்றும் இல்லை.

நான் இலங்கையின் மலையகத்தில் ஒரு சிறு நகரத்தின் பொது நூலகத்தில் நூலகராக இருக்கிறேன். பதினொரு வருடங்களாகத் தமிழ் விக்கிப்பீடியாவிலும் எழுதி வருகிறேன். இந்த மாதிரிக் கோரிக்கைகள் இப்போது வருடத்துக்கு நாலைந்தாவது வருகின்றன. அதனால் அன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் 'வரலாறு' என்ற பகுதியைத் திறந்து காட்டினேன். ஒரு பக்கத்தில் நடந்த ஒவ்வொரு மாற்றமும், எந்த நாள், எந்த நேரம், எந்தக் கணக்கு என்று அங்கே பதிவாகியிருக்கும். அந்த வரியைச் சேர்த்தவர் புகுபதிகை செய்யாத ஒருவர். சேர்த்தது 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்பு. அந்தத் தேர்தலில் ஐயாவின் மருமகன் வேட்பாளர். இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அப்புறம், மகள் அழித்தது ஏன் நிற்கவில்லை என்று பார்த்தோம். கோபத்தில் அவர் அந்த வரியை மட்டும் எடுக்கவில்லை. அரசியல் பற்றிய பகுதி முழுவதையும் அழித்திருந்தார். தொகுப்புச் சுருக்கம் எழுதும் இடத்தில் காரணம் எதுவும் எழுதவில்லை. கண்காணிப்பில் இருக்கும் தன்னார்வலருக்கு இது விசமத் தொகுப்பாகத்தான் தெரியும். அவர் மீளமைப்பார், இவர் மறுபடி அழிப்பார். கடைசியில் மகளின் கணக்கு ஒரு நாள் தடைசெய்யப்பட்டது. பொய்யை எழுதியவருக்கு எதுவும் ஆகவில்லை.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் மனசு கனத்தது. ஆனால் வழி இருந்தது. உயிரோடு இருப்பவரைப் பற்றிச் சான்றில்லாத பழிச்சொல் இருந்தால், யாரும் காத்திருக்க வேண்டியதில்லை, உடனே நீக்கலாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தை மூன்று தடவைக்கு மேல் மீளமைப்பது குற்றம். அந்த விதிகூட இப்படிப்பட்ட நீக்கத்துக்கு விலக்குத் தருகிறது. இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கிறது. 2005 மே மாதம், ஜோன் சீகென்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரின் பக்கத்தில், கென்னடி சகோதரர்களின் கொலைகளில் அவருக்குத் தொடர்பிருப்பதாக ஒருகாலத்தில் சந்தேகிக்கப்பட்டது என்று ஒருவர் பொய்யாக எழுதினார். அது ஏறத்தாழ நான்கு மாதம் அப்படியே கிடந்தது. அவர் நாடறிந்த மனிதர், பத்திரிகையில் எழுதிக் கேள்வி கேட்க முடிந்தது. நம்ம ஐயாவின் பக்கத்திலோ அந்த வரி ஆண்டுக்கணக்கில் கிடந்திருக்கிறது.

இதுதான் என்னை உறுத்துவது. பெரியவர்களின் பக்கத்தை நூறு பேர் கவனித்துக்கொண்டிருப்பார்கள். மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனதை யாராவது மாற்றி எழுதினால், பாராளுமன்ற உரைப் பதிவான ஹன்சார்ட் இருக்கிறது, புத்தகங்கள் இருக்கின்றன, ஒரு மணி நேரத்தில் திருத்திவிடலாம். ஒரு தோட்டத் தலைவருக்கு அப்படி என்ன இருக்கிறது? இணையத்தில் அவர் பேரைத் தேடினால் அந்தப் பன்னிரண்டு வரிதான் முதலில் வரும். பேரப்பிள்ளைக்குப் பெண் கேட்டுப் போகிற வீட்டில் படிப்பதும் அதைத்தான்.

மகளிடம் சொன்னது இதுதான். பக்கத்தில் கைவைக்காதீர்கள். உரையாடல் பக்கத்தில் "நான் இவருடைய மகள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம். எந்த வரி, ஏன் தவறு, யார் எப்போது சேர்த்தார்கள் என்பதை நாலு வரியில் எழுதுங்கள். எழுதினார். அடுத்த நாளே ஒரு நிர்வாகி அந்த வரியை எடுத்துவிட்டார். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பக்கம் இருந்தால் அங்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்றில் திருத்தியது மற்றதில் தானாகத் திருந்தாது.

சரி, அதோடு முடியவில்லை. அடுத்த வாரம் மகள் ஒரு தாளோடு வந்தார். அதில் "மலையகத்தின் விடிவெள்ளி", "தன்னலமற்ற ஒப்பற்ற தலைவர்" என்றெல்லாம் இருந்தது. அவர் பாசம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் வேண்டாம் என்றேன். சான்றில்லாத பழியை எந்தக் காரணத்துக்காக எடுத்தோமோ, அதே காரணம் சான்றில்லாத புகழுக்கும் பொருந்தும். எத்தனை தோட்டங்களில் சங்கக் கிளை அமைத்தார், எந்த வேலைநிறுத்தத்தில் முன்நின்றார், அதை எந்தப் பத்திரிகை எழுதியது என்று தேடுவோம் என்றேன். அவருக்கு வருத்தம்தான். ஆனால் தேடத் தொடங்கினார்.

நம் மலையகப் பக்கங்களில் நான் அடிக்கடி காணும் பிழைகள் சில உண்டு. ஒருவர் 1979இல் பிரதேச சபை உறுப்பினராக இருந்தார் என்று எழுதியிருப்பார்கள். பிரதேச சபைச் சட்டமே 1987இல் வந்தது, முதல் தேர்தல் 1991இல். இன்னொருவர் தொண்ணூறுகளில் மஸ்கெலியா பிரதேச சபையில் இருந்ததாக வரும். மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகளுக்கு முதன்முதலில் தேர்தல் நடந்தது 2018இல்தான். அதற்கு முன் அவை அம்பகமுவ, நுவரெலியா சபைகளுக்குள் இருந்தன.

இவற்றை எல்லாம்விட எனக்கு வலிப்பது, பக்கத்தின் ஓரத்தில் விவரங்களைச் சுருக்கித் தரும் தகவற்பெட்டியில் 'குடியுரிமை' என்ற கட்டம். ஐயாவின் பக்கத்தில் அங்கே 'இந்தியர்' என்று இருந்தது. இங்கே தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அவர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவரை நாடற்றவராக்கியது. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தின்போதும் அவர் இந்தியாவுக்கு விண்ணப்பிக்கவில்லை. நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தந்த 1988 சட்டத்துக்குப் பிறகே இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. மூன்று வருடத்தில் சபைக்குத் தெரிவான அந்த மனிதர், அதற்கு முன் ஒரு தடவைகூட வாக்களித்ததில்லை. இவ்வளவையும் ஒரு கட்டத்துக்குள் எப்படி அடைப்பது? கட்டத்தைக் காலியாக விட்டு, கட்டுரைக்குள்ளே வாக்கியமாக எழுதுங்கள். 'மலையகத் தமிழர்' என்பதா, 'இந்திய வம்சாவளித் தமிழர்' என்பதா என்ற சண்டையிலும் என் முடிவு ஒன்றுதான்: அந்த மனிதர் தன்னை என்னவென்று சொல்லிக்கொண்டாரோ அதைப் போடுங்கள்.

சாதியை எழுதாதீர்கள். வீட்டு விலாசம், அடையாள அட்டை எண், பேரப்பிள்ளைகளின் பெயர், நோய் விவரம் எதுவும் வேண்டாம். ஸ்டூடியோவில் எடுத்த படத்தை ஏற்றுவதற்கு முன் உரிமை யாருடையது என்று கேளுங்கள். படம் நம் வீட்டுச் சுவரில் தொங்குவதால் உரிமை நமக்கு வந்துவிடாது.

பணம் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். "உங்கள் பக்கத்தை நாங்கள் பாதுகாத்துத் தருகிறோம், மாதம் இவ்வளவு" என்று யாராவது அழைத்தால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். 2015இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் 381 கணக்குகளை ஒரேயடியாகத் தடைசெய்தார்கள். சிறு வியாபாரிகளிடமும் சிறு கலைஞர்களிடமும் இப்படித்தான் பணம் பறித்திருந்தது அந்தக் கூட்டம். அங்கே பக்கத்தைக் காக்கும் அதிகாரம் யாருக்கும் விற்கப்படுவதில்லை. காசு வாங்கி எழுதுகிறவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பதும் 2014இலிருந்து விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதியில் இருக்கிறது.

இன்னொரு ஆபத்து மெதுவாக வருவது. ஒருவருடைய பாராட்டு விழா மலரைக் கொண்டுவந்து, பிறந்த ஆண்டு 1937 என்பதற்கு இதோ சான்று என்றார்கள். மலர்க்குழுவிடம் விசாரித்தேன். அவர்கள் அதை எடுத்ததே விக்கிப்பீடியாவிலிருந்துதான். அங்கே அதைப் போட்டவர் சும்மா ஊகித்திருந்தார்.

ஐயாவுக்கும் இரண்டு பிறந்த ஆண்டுகள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் 1939, பாடசாலைப் பதிவேட்டில் 1941. தோட்டத்தில் இது புதுமையில்லை. எந்தப் பத்திரிகையும் இதுவரை அவர் வயதை எழுதவில்லை, அதனால் பக்கத்திலும் இப்போதைக்கு ஆண்டு இல்லை.

போன வாரம் ஐயாவே மகளோடு வந்தார். டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு நாடக நோட்டீஸ் கொண்டுவந்திருந்தார். ஆண்டு இருந்த மூலையைக் கறையான் தின்றுவிட்டது. "ஆகஸ்ட் 14, விடுமுறை தினமாகிய ஞாயிற்றுக்கிழமை மாலை" என்பது மட்டும் மிச்சம். அவருக்கு ஆண்டு ஞாபகமில்லை. "அப்ப எனக்குக் கல்யாணம் ஆகல தம்பி, அது மட்டும் தெரியும்" என்றார். நாட்காட்டியைப் பார்த்தேன். அறுபதுகளில் அந்தத் தேதி ஞாயிறாக விழுந்தது 1960இலும் 1966இலும். ஆனால் 1966 முதல் 1971 வரை இலங்கையில் வார விடுமுறை, நிலவின் பிறைநிலையை ஒட்டி வரும் போயா தினங்களுக்கு மாறியிருந்தது. அப்போது ஞாயிறு வேலை நாள். ஆக, 1960 ஆகத்தான் இருக்க வேண்டும்.

"அப்ப போட்டுருங்க சேர்" என்றார் மகள். போட முடியாது. இது என் கணக்கு, என் ஊகம். சொந்த ஆய்வுக்குக் கலைக்களஞ்சியத்தில் இடமில்லை. நோட்டீஸை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் கொழும்பு போகிறேன். சுவடிக்கூடத்தில் 1960 ஆகஸ்ட் மாத வீரகேசரிக் கட்டைப் பார்க்க வேண்டும்.