குருதி–மூளை அரண்

ஜெர்மன் மருத்துவ ஆய்வாளர் பால் எர்லிக் 1885இல் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார். மற்ற உறுப்பெல்லாம் நிறமேறின. மூளையும் தண்டுவடமும் வெளுத்தே கிடந்தன. மூளையில் சாயம் ஒட்டாது போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913இல் டிரைபன் நீலம் என்ற சாயத்தை, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரில் செலுத்தினார். இப்போது மூளை நீலமானது, உடம்பு வெளுத்திருந்தது. ஆக, சாயம் ஒட்டாமல் இல்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஏதோ நிற்கிறது. 1921இல் உடலியங்கியல் ஆய்வாளர் லீனா ஸ்டெர்ன் அதைப் பிரெஞ்சில் ‘பாரியேர்’, அதாவது தடுப்பு, என்றார். ஜெர்மனில் அது ‘ஷ்ராங்கெ’. ரயில்வே கேட்டில் ஏறி இறங்கும் கட்டைக்கும் அங்கே அதே சொல்தான்.

தமிழில் ‘இரத்த–மூளைத் தடை’ என்று எழுதுகிறோம். எனக்கு இந்தத் ‘தடை’ உறுத்துகிறது. தடை என்றால் எதுவுமே போகக்கூடாது என்றல்லவா ஆகிறது? குளுக்கோஸ் தனக்கென்று இருக்கும் வாயில் வழியே நாள் முழுக்க உள்ளே போகிறது. ஆக்சிஜனுக்கு வாயில்கூட வேண்டாம். மூளையின் இரத்த நுண்குழாய்ச் சுவரின் செல்கள் கிளாடின் போன்ற புரதங்களால் ஒன்றோடொன்று இறுகப் பொருந்தியிருக்கின்றன. வெளிப்புறம் ஆஸ்ட்ரோசைட் எனும் மூளையின் துணைச் செல்களின் பாதங்கள் சூழ்ந்திருக்கின்றன. மதில், வாயில், காவல் மூன்றும் இருப்பதற்குத் தமிழில் ‘அரண்’ என்று நல்ல சொல் இருக்கிறது.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் நடப்பதைச் சொல்லவும் அதுதான் பொருந்துகிறது. நரம்பிழையைச் சுற்றிய மயலின் உறை அழியும் நோய் இது. சிறு சிரைகளின் உட்சுவர் அழற்சியில் ‘விகாம்–1’ என்ற புரதத்தை நீட்டுகிறது. இரத்தத்தில் போகும் நிணச்செல் (ஒருவகை வெள்ளையணு) தன் மேற்பரப்பிலுள்ள ஆல்ஃபா–4 இன்டெக்ரின் என்ற புரதத்தால் அதைப் பற்றி, உருண்டு, ஒட்டி, சுவரைக் கடந்து நுழைகிறது. இந்நோய்க்குத் தரும் நட்டலிசுமாப் மருந்து தடுப்பது இந்தப் பிடியைத்தான். நுழைந்த செல்களும் அவை சுரக்கும் நொதிகளும் சுவரை இன்னும் தளர்த்துகின்றன.

எம்ஆர்ஐ படமெடுக்கும்போது கடோலினியம் என்ற ஒளிர்வு மருந்தை இரத்தத்தில் ஏற்றினால் புதுப்புண் வெள்ளைப் புள்ளியாகவோ வளையமாகவோ ஒளிரும். சாதாரணமாக உள்ளே போகாத மருந்து அது, அங்கே கசிந்திருக்கிறது. சில வாரங்களில் அந்த ஒளிர்வு அடங்கிவிடும். அரண் மறுபடி இறுகிவிட்டது என்று அர்த்தம், மயலின் திரும்பிவிட்டது என்று அல்ல.

அதனால் ‘அரண் உடைந்தது’ என்றும் நான் எழுதமாட்டேன். உடைந்தது இப்படி மூடிக்கொள்ளாது. இறுகியிருந்த பொருத்து தளர்கிறது, அப்புறம் இறுகுகிறது. அதற்கு ‘அரண் நெகிழ்வு’ என்றே சொல்லலாம்.