மிதக்கும் கட்டையை மூழ்கவைப்பது எது?

“மீன்தொட்டியில் போட்ட மரக்கட்டை மூன்று வாரமாக மிதந்துகொண்டே இருக்கிறது. தண்ணீரும் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. எடுத்துவிடலாமா?” என்று சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எடுக்க வேண்டாம். ஓர் அண்டாக் கொதிநீரும் ஓர் இரவும் இருந்தால் போதும்.

மரம் தண்ணீரைவிட லேசானது, அதனால் மிதக்கிறது என்று பள்ளியில் படித்தோம். ஆனால் எந்த மரமானாலும் அதன் செல்சுவர்ப் பொருளின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிராம். சுவர் மட்டும் இருந்தால் தேக்கும் முருங்கையும் கல்லைப்போல் மூழ்கும். மிதக்கவைப்பது சுவர்களுக்கு நடுவே அடைபட்டுக் கிடக்கும் காற்று. ஒரு லிட்டர் கன அளவும் 600 கிராம் எடையும் உள்ள காய்ந்த கட்டையில் மரம் 400 மில்லிலிட்டர்தான். மீதி 600 மில்லிலிட்டரும் காற்று. கட்டை ஒரு கிலோவைத் தாண்டினால்தான் மூழ்கும். அந்தக் காற்றறைகளில் மூன்றில் இரண்டு பங்கைத் தண்ணீர் பிடித்தாக வேண்டும்.

சும்மா ஊறப்போட்டாலும் பிடிக்கும், ஆனால் மெதுவாக. மரத்தின் குழல்கள் நுண்துளைகள் வழியாகவே ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. இரண்டு முனையிலிருந்தும் நுழையும் தண்ணீர் நடுவில் இருக்கும் காற்றைச் சிறைவைத்துவிடுகிறது. அந்தக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்துதான் வெளியேற வேண்டும். தடித்த கட்டைக்கு மாதக்கணக்கு ஆவது இதனால்தான்.

கொதிக்கவைத்தால் காற்று விரிந்து வெளியேறிவிடும் என்று பலரும் சொல்வார்கள். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனாலும் காற்று கால் பங்குகூட விரிவதில்லை. பெரிய வேலையைச் செய்வது நீராவி. மரச்சுவரில் ஊறிய ஈரம் ஆவியாகிக் குழல்களில் நிறைந்து, மிச்சக் காற்றை வெளியே தள்ளுகிறது. அப்போது கட்டையின் வெட்டுமுனையை உற்றுப் பாருங்கள். ஊசிமுனை அளவுக் குமிழிகள் சரம்சரமாக, அதே புள்ளிகளிலிருந்து எழுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குழலின் வாய். மரம் உயிரோடு நின்றபோது வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறிய பாதை.

அடுப்பை அணைத்த பிறகு நடப்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. ஆறும்போது உள்ளே இருக்கும் ஆவி மறுபடி தண்ணீராகி, முன்பிருந்த கன அளவில் ஏறக்குறைய 1,600-இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. உள்ளே வெற்றிடம், வெளியே வளிமண்டலத்தின் அழுத்தம். அண்டாத் தண்ணீர் குழல்களுக்குள் தானே தள்ளப்படுகிறது. கொதித்த தண்ணீர் தன்னில் கரைந்திருந்த காற்றையும் இழந்திருக்கும். ஆற ஆற, மரத்துக்குள் தங்கிய குமிழிகளையும் கரைத்துக்கொள்ளும்.

சூட்டோடு கட்டையை வெளியே எடுத்து வைத்தால் அத்தனையும் வீண். தண்ணீர் போக வேண்டிய இடத்துக்குக் காற்று திரும்பிவிடும்.

முதலில் கட்டையைத் தேய்த்துக் கழுவி, சொத்தையான பகுதிகளைச் சுரண்டி எடுங்கள். முனைகளை ஒரு சென்டிமீட்டர் அறுத்துவிட்டால் அடைபட்ட குழல்வாய்கள் திறக்கும். கட்டை முழுக்க மூழ்கும்படி மேலே கனம் வைத்து, ஒன்று முதல் இரண்டு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் வற்றினால் வெந்நீரையே ஊற்றுங்கள். பிறகு மூடி, மறுநாள் காலைவரை அப்படியே விடுங்கள். இன்னும் மிதந்தால் புதுத் தண்ணீரில் மறுபடியும். நாள் முழுக்கக் கொதிக்கவைத்தால் மரம் மெத்தென்று ஆகிவிடும். சமையல் அண்டா வேண்டாம், கறை போகாது. அண்டாவில் அடங்காத கட்டையைத் துருப்பிடிக்காத திருகாணியால் பலகைக்கல்லில் முடுக்கிச் சரளைக்குள் புதைக்கலாம். வாளியில் ஊறப்போடுவதானால் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, மூடி வையுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் தேங்கிய வாளித் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில்.

தேநீர் நிறத்துக்குக் காரணம் டானின். தேயிலையிலும் கடுக்காயிலும் துவர்ப்பது அதுதான். மீனுக்குக் கெடுதல் இல்லை. சிங்கப்பூரின் ‘நீ சூன்’ சதுப்புக்காட்டில் இலையும் கட்டையும் ஊறிய இளம் அமிலத் தண்ணீரில்தான் ஹார்லிகுவின் ரஸ்போரா என்ற சிறு மீன் வாழ்கிறது. நிறம் பிடிக்காவிட்டால் ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, வாரம் 30 விழுக்காடு தண்ணீரை மாற்றுங்கள். நம் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமைன் என்ற கிருமிநாசினி. ஓர் இரவு திறந்து வைத்தால் போகாது. அதை நீக்கும் மருந்து கட்டாயம் வேண்டும்.

முதல் சில வாரம் கட்டைமேல் வெள்ளையாகக் கொழகொழவென்று ஒரு படலம் வரும். மரத்திலிருந்து கசியும் சர்க்கரையைத் தின்னும் பூஞ்சையும் பாக்டீரியாவும் அவை. தின்ன இல்லாமல் போனதும் மறையும்; நத்தையும் இறாலும் அதற்கு முன்பே மேய்ந்துவிடும். இந்த நேரத்தில் ஒரு மீன் செத்தால், “பட்ட மரத்தை வீட்டுக்குள் வைத்தால் ஆகாது” என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து அதை நம்பிக் கட்டையைத் தூக்கி எறியாதீர்கள். அமோனியாவைச் சோதித்துப் பாருங்கள், குளோரமைன் மருந்தின் அளவைப் பாருங்கள். காரணத்தைத் தேடாமல் மரத்தின்மேல் பழிபோட்டால் அடுத்த மீனும் சாகும்.

பச்சை மரமும் பிசின் வடியும் பைன் மரமும் வேண்டாம். இயற்கை வனப்பகுதிகளில் கட்டை பொறுக்குவது சட்டப்படி குற்றம், கடையிலேயே வாங்குங்கள்.

மூழ்கிய கட்டையும் நன்றாகக் காய்ந்தால் திரும்ப மிதக்கும். தொட்டியைக் கழுவும் நாளில் அதை வெயிலில் வைக்காமல், வாளித் தண்ணீருக்குள்ளேயே போட்டு வையுங்கள்.