'லி' என்று முடிந்தால் வினையடையா?

ஆங்கிலத்தில் ஒரு சொல் 'லி' என்று முடிந்தால் அது வினையடை, அதாவது வினையைத் தழுவி நிற்கும் சொல், என்று நம்மில் பலர் மனப்பாடம் செய்திருக்கிறோம். 'ஃப்ரெண்ட்லி' என்ற ஒரு சொல் போதும், இந்த விதி சரிந்துவிட. 'எ ஃப்ரெண்ட்லி டாக்' என்றால் நட்பாகப் பழகும் நாய். இங்கே அந்தச் சொல் நாய் என்ற பெயரைத் தழுவி நிற்கிறது, ஆகவே பெயரடை. 'லவ்லி', 'லோன்லி' ஆகியவையும் அப்படித்தான்.

காரணம் பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது. உடல், உருவம் என்று பொருள் தந்த ஒரு சொல்லிலிருந்து பிறந்த 'லீச்' என்ற விகுதி அன்று பெயரடைகளை ஆக்கியது. அதன் கடைசியில் ஓர் எகரம் சேர்ந்து 'லீச்செ' ஆனால் வினையடை. நாளடைவில் இறுதி எகரம் பேச்சில் தேய்ந்து மறைந்தது. இரண்டு விகுதிகளும் ஒரே 'லி' ஆயின. கடினம் என்ற பொருள் தரும் 'ஹார்ட்' என்ற சொல்லின் வினையடை வடிவமும் அதே எகரத்தை இழந்தது. அதனால்தான் 'ஹார்ட் ஒர்க்' என்பதில் பெயரடையாக நிற்கும் சொல், 'ஷி ஒர்க்ஸ் ஹார்ட்' என்பதில் ஓர் எழுத்தும் மாறாமல் வினையடையாகிறது. 'லி' சேர்த்து 'ஷி ஹார்ட்லி ஒர்க்ஸ்' என்று எழுதினால், அவள் வேலையே செய்வதில்லை என்கிற அளவுக்குப் பொருள் தலைகீழாகிவிடும்!

ஆக, சொல்லின் முடிவைப் பார்த்துப் பயனில்லை. அது எந்தச் சொல்லைத் தழுவுகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

தமிழர்கள் அதிகம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 'கோபமாக இருந்தார்', 'கோபமாகப் பார்த்தார்' என்று இரண்டுக்கும் நாம் 'ஆக' சேர்க்கிறோம். ஆங்கிலம் இவற்றைப் பிரித்துவிடுகிறது. 'ஹி லுக்டு ஆங்ரி' என்றால் அவர் முகத்தில் கோபம் தெரிந்தது. 'ஆங்ரி' அவரைப் பற்றிய சொல், பெயரடை. 'ஹி லுக்டு அட் மீ ஆங்ரிலி' என்றால் அவர் பார்த்த விதத்தில் கோபம்; 'ஆங்ரிலி' வினையடை. ஐயம் வந்தால் 'லுக்டு' இருக்கும் இடத்தில் 'வாஸ்' போட்டுப் பாருங்கள். 'ஹி வாஸ் ஆங்ரி' பொருந்துகிறது அல்லவா? அப்படிப் பொருந்தினால் அங்கே வேண்டியது பெயரடை. 'சவுண்ட்', 'ஃபீல்', 'ஸ்மெல்' போன்ற வினைகளிலும் இந்தச் சோதனை கைகொடுக்கும்.

'இன்', 'அப்' போன்ற சிறு சொற்களுக்கு வழி எளிது. 'கம் இன்' என்பதில் 'இன்'னுக்குப் பின்னால் பெயர் எதுவும் இல்லை, வினையடை. 'இன் த ரூம்' என்பதில் அறை என்ற பெயர் வந்துவிட்டது, ஆகவே அது பெயருக்கு முன்னால் நிற்கும் முன்னிடைச்சொல்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் 'ஹோம்'. 'எ ஹேப்பி ஹோம்' என்பதில் அது பெயர். 'ஐ ஆம் கோயிங் ஹோம்' என்பதில், எங்கே போகிறேன் என்ற கேள்விக்குத் தனியாகவே விடை சொல்லும் வினையடை. 'வீட்டுக்கு' என்று நான்காம் வேற்றுமையோடு பேசிப் பழகிய நாம் அங்கே ஒரு 'டு'வைச் செருகிவிடுகிறோம். 'ஸ்கூல்' என்ற பெயருக்கு முன்னால் 'டு' வேண்டும். 'கோயிங் ஹோம்' என்பதில் வேண்டாம். 'வீட்டுக்கு' என்பதில் உள்ள 'கு' அங்கே 'ஹோம்' என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.