முந்தி வந்த விலை, பிந்தி வந்த கடிதம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் என் சித்தப்பா இன்னும் ஐந்து ஏக்கர் கித்தா, அதாவது ரப்பர் மரம், வைத்திருக்கிறார். சுற்றிலும் எல்லாரும் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறிவிட்டார்கள். அவர் மட்டும் விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வெயில் ஏறினால் இலை வழியாக மரம் நீரை இழக்கும், பட்டைக்குள் ஓடும் பால்குழாய்களில் அழுத்தம் குறையும், பால் சரியாக வடியாது. அதனால்தான் பால்வெட்டு என்றைக்கும் இருட்டில் தொடங்குகிற வேலை. மத்தியானம் வீடு திரும்பியதும், சோற்றுக்கு உட்காரும் முன் போனை எடுத்து மலேசிய ரப்பர் வாரியம் வெளியிடும் அன்றைய விலையைப் பார்ப்பார்.

அந்த ஒரு எண் அவர் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். தொழில்நுட்பம் உலகத்தைச் சுருக்கிவிட்டது என்று எல்லாரும் சொல்கிறோம். ஆனால் எல்லாருக்கும் ஒரே நாளில் அது சுருங்கவில்லை. விலைச் செய்திதான் முதலில் வேகம் பிடித்தது. சரக்கு ரொம்ப நாள் கழித்துப் பிடித்தது. தோட்டத்து ஆளின் குரலுக்கு அந்த வேகம் கடைசியாகத்தான் கிடைத்தது. இடையில் கிடந்த அந்தக் காலத்தில் பட்டவர்கள் நம் பெரியவர்கள்.

செய்தி கடலைத் தாண்ட உதவிய பொருளே மலாயாக் காட்டில் கிடைத்ததுதான். கடலடியில் கம்பி போட்டுத் தந்தி அனுப்ப நினைத்தவர்களுக்கு முதல் எதிரி உப்புத் தண்ணீர். அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். செம்புக் கம்பியை வெறுமனே போட்டால் மின்சாரம் கடலுக்குள் கசிந்து போய்விடும், அதனால் ஓர் உறை வேண்டும். இங்கே தாபான் என்று ஒரு மரம். அதன் பாலை வெந்நீரில் இளக்கி, மலாய்க்காரர்கள் பாராங் கத்திக்குக் கைப்பிடி செய்துகொண்டிருந்தார்கள். அதன் பெயர் கெத்தா பெர்ச்சா. கெத்தா என்றால் மலாயில் மரப்பால். நாம் நாவில் புரட்டும் கித்தாவும் அதே சொல்தான். வெள்ளைக்காரர் வாயில் அது கட்டாபெர்ச்சா ஆனது.

கித்தாவும் கட்டாபெர்ச்சாவும் வேதியியலில் அண்ணன் தம்பி. இரண்டுமே ஐசோப்ரீன் என்ற ஐந்து கார்பன் கண்ணியைக் கோத்துப் பின்னிய நீளச் சங்கிலிகள். கண்ணி ஒன்றுதான், கோக்கும் விதம் வேறு. கித்தாவில் ஒவ்வொரு கண்ணியும் சங்கிலியை வளைத்துவிடுவதால் அது சுருண்டு கிடக்கும். இழுத்தால் நீளும், விட்டால் பழையபடி சுருளும். கட்டாபெர்ச்சாவில் சங்கிலி நேராகப் போகும், பக்கத்துச் சங்கிலியோடு விறகுக்கட்டு மாதிரி நெருக்கமாகப் படியும். அதனால் குளிரில் கல் போல் இறுகி நிற்கும், சூடுபடுத்தினால் மெழுகாக இளகும். கம்பியைச் சுற்றிச் சூடாகப் பூசி ஆறவிட்டால் போதும். கடலடியின் குளிரும் அழுத்தமும் அதை ஒன்றும் செய்வதில்லை. 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே போட்ட கம்பியும், 1866-இல் அட்லாண்டிக்கைத் தாண்டி நிலைத்த கம்பியும் இந்த உறைக்குள்தான் இருந்தன. 1871-க்குள் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் கம்பி வந்துவிட்டது. ஆனால் தாபானை ரப்பர் பால்மரம் போலக் கீறிவிட்டு வடியவிட முடியாது. மரத்தையே வெட்டிச் சாய்த்துத்தான் பால் எடுத்தார்கள். உலகத்தைப் பேசவைக்க நம் காட்டில் எத்தனை மரம் சாய்ந்தது என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது.

பால்மரம் இங்கே வந்தது அதற்குப் பிறகு. பிரேசிலிலிருந்து 1876-இல் லண்டன் போன விதைகளின் வம்சம் அது. 1877-இல் இங்கே வந்த கன்றுகளில் ஒன்று, பக்கத்து ஊரான கோலகங்சாரில் இன்றும் மரமாக நிற்கிறது. மோட்டார் வண்டிக்கு டயர் தேவைப்பட்டதும் பேராக் முழுவதும் கித்தாக்காடு ஆனது. அந்தக் காடு முழுக்க நம் ஆட்கள்.

இப்போது அந்தத் தந்திக்கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். 1925-இல் நியூயார்க்கில் ஒரு ராத்தல் ரப்பர் ஒரு டாலருக்கு மேல் போனது. 1932-இல் அதே ராத்தல் சில சென்ட்தான். அமெரிக்காவில் கார் விற்பனை படுத்துவிட்டது, டயர் கேட்க ஆளில்லை. அந்தச் சரிவு தந்தி வழியாக உடனுக்குடன் தோட்ட அலுவலகங்களுக்கு வந்தது. என் பாட்டிக்கு அப்போது பத்து வயது. ஒருநாள் காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், தோட்டக் கணக்கரான கிராணி கூலிக் குறைப்பை வாசித்ததையும், ஏன் என்று கேட்கக்கூட யாருக்கும் தெரியாமல் வரிசை அப்படியே பால் வெட்டும் மர நிரைக்கு நடந்ததையும் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் அக்கம்பக்கத்து லயங்கள் என்ற தொழிலாளர் வரிசைவீடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள்.

பாட்டியின் அப்பா நாகப்பட்டினம் பக்கத்து ஊரில் இருந்த தன் அம்மாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னாராம்: காசு அனுப்ப முடியாது, கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று. அந்தக் கடிதம் லயத்திலிருந்து பினாங்கு போய், கப்பல் ஏறி, ஏறக்குறைய ஒரு வாரம் கடலில் கிடந்து, கரையிறங்கி மாட்டுவண்டி ஏறி ஊர் சேர வேண்டும். பதில் வருவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. நியூயார்க் விலை ஒரே நாளில் வந்து அவர் கூலியைக் குறைத்தது, அந்தச் சேதி அவருடைய அம்மாவுக்குப் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆனது. கம்பி இருந்தது. ஆனால் தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. பால் வெட்டுகிறவரால் அதைத் தொட முடியவில்லை. உலகமயம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த இடைவெளிதான்.

சரக்கின் கதை வேறு. 1926-இல் கட்டிய ராஜுலா கப்பல் சென்னைக்கும் மலாயாவுக்கும் இடையே 1970-கள் வரை ஓடியது. அத்தனை ஆண்டும் துறைமுகங்களில் மூட்டை மூட்டையாகத் தோளிலும் வலையிலும்தான் ஏற்றி இறக்கினார்கள். கப்பல் கடலில் ஓடிய நாளுக்குச் சமமாகக் கரையில் காத்துக் கிடந்தது. இதை மாற்றியது வேகமான எஞ்சின் இல்லை, ஒரு இரும்புப் பெட்டி. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி, நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு ஒரே கப்பலில் 58 பெட்டிகளை அனுப்பினார். ஒரு டன் சரக்கை ஏற்ற அதுவரை 5.86 டாலர் ஆனது. பெட்டியில் அது 16 சென்ட்டுக்கு இறங்கியது.

சூட்சுமம் முழுவதும் மூலையில் இருக்கிறது. சுங்கை சிப்புட் சாலையோர மாமாக் கடையில் தேத்தாண்ணி குடிக்கிறபோது, பக்கத்தில் கண்டெய்னர் லாரி நின்றால் எட்டிப் பாருங்கள். பெட்டியின் எட்டு மூலையிலும் தடித்த இரும்புக் கட்டி இருக்கும், அதில் நீள்வட்டத் துளை. லாரித் தட்டிலிருந்து ஒரு முளை அந்தத் துளைக்குள் நுழையும். கால்வட்டம் திருகினால் குறுக்காக நின்று பூட்டிக்கொள்ளும். கிரேனும் அதே துளையைத்தான் பிடிக்கிறது, கப்பலில் பெட்டிமேல் பெட்டி அடுக்குவதும் அதே துளையை வைத்துத்தான். உலகில் எங்கே போனாலும் அந்தத் துளை ஒரே அளவு. அதனால் உள்ளே இருப்பது ரப்பரா பொம்மையா என்று யாரும் திறந்து பார்க்கத் தேவையில்லை.

ரப்பரும் அதற்கேற்ப மாறியது. முன்பு புகைபோட்ட ஷீட்டைக் கண்ணால் பார்த்துத் தரம் சொன்னார்கள். 1965 முதல் மலேசியா ஆய்வகத்தில் சோதித்து, எவ்வளவு தூசி இருக்கிறது என்று அளந்து தரமிட்டது. கட்டியும் ஒரே எடை: 33.33 கிலோ. முப்பது கட்டி அடுக்கினால் ஒரு டன். டயர் ஆலைக்காரர் பார்க்காமலே வாங்கலாம். சித்தப்பாவின் மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணம்) உறைந்த கட்டிப்பாலும் ஆலையில் அரைபட்டுக் கழுவப்பட்டு இப்படி ஒரு கட்டியாகித்தான் கப்பல் ஏறுகிறது.

கடைசியில் குரல். கட்டாபெர்ச்சாவின் இடத்தைப் பாலிஎத்திலீன் பிடித்தது, செம்பின் வேலையைக் கண்ணாடி இழை எடுத்துக்கொண்டது. முடி பருமனுள்ள இழை அது. நடுவிலுள்ள கண்ணாடியில் ஒளி சற்று மெதுவாகப் போகும்படி, சுற்றியுள்ள கண்ணாடியில் சற்று வேகமாகப் போகும்படி செய்திருப்பார்கள். சாய்வாக வந்து மோதும் ஒளி வெளியேற முடியாமல் உள்ளுக்குள்ளேயே திரும்பத் திரும்பப் பிரதிபலித்து முன்னேறும். ஆழ்கடலில் கிடக்கும் கேபிளின் பருமன், செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயளவுதான். கிலோமீட்டர் கணக்கில் ஓடினால் ஒளி மங்கும். அதனால் சுமார் 80 கிலோமீட்டருக்கு ஒரு பெருக்கி, எர்பியம் என்ற உலோகம் கலந்த இழைத்துண்டுக்குள் ஒளிக்குப் புதுத்தெம்பு ஊட்டி அனுப்பும். கண்டம் விட்டுக் கண்டம் போகும் பேச்சும் படமும் பெரும்பாலும் போவது இதில்தான், செயற்கைக்கோளில் இல்லை. பினாங்கையும் சென்னையையும் இன்றும் இப்படி ஒரு கேபிள் இணைக்கிறது, 1871-இல் இருந்த அதே இரண்டு முனை. நேர்க்கோட்டில் 2300 கிலோமீட்டர் சொச்சம். கண்ணாடிக்குள் ஒளி அந்தத் தூரத்தைக் கடக்க 12 மில்லிவிநாடி.

போன மாதம் சித்தப்பா கட்டிப்பாலை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு வியாபாரியிடம் போனார், நானும் போயிருந்தேன். தராசில் வைத்ததும் வியாபாரி ஒரு விலை சொன்னார். சித்தப்பா பேசாமல் போனைத் திருப்பிக் காட்டினார். வியாபாரி தன் போனைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே எண்.

"சரி, தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு பார்ப்போம்" என்றார் வியாபாரி. அப்புறம் ஈரக் கழிவுக்கு எத்தனை சதவீதம் என்று பேரம் தொடங்கியது.