வருமானச் சான்றிதழ் எல்லோருக்கும் தேவையில்லை

"எங்கள் வருமானம் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது, அதனால் விண்ணப்பிக்கவில்லை" என்று சொல்லும் பெற்றோரை வழக்கறிஞராக அடிக்கடி சந்திக்கிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் (எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பு) கட்டணமில்லாமல் படிக்க ஒதுக்கப்படும் 25 சதவீத இடங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவர்களில் பலரும் தகுதி உள்ளவர்கள். தெரியாமலேயே ஓராண்டை இழந்துவிடுகிறார்கள்.

2009-ஆம் ஆண்டின் இந்தச் சட்டம் இரண்டு பிரிவினரைத் தனித்தனியாகச் சொல்கிறது: நலிவடைந்த பிரிவினர், வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர். நலிவடைந்தவர் யார் என்பதை வருமானம் முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வாய்ப்பு மறுக்கப்பட்டவர் என்பதற்கு இந்த அளவுகோல் கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் ஆகியோர் சாதிச் சான்றிதழைக் கொண்டே விண்ணப்பிக்கலாம். ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், எச்.ஐ.வி. பாதிப்புக்கு உள்ளானவர்கள், திருநர், தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள் ஆகியோரும் இதே பிரிவில்தான் வருகிறார்கள். பணம் இல்லாமை மட்டுமே ஒரு குழந்தையைப் பள்ளி வாசலில் நிறுத்துவதில்லை என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். பெற்றோருக்கு அதை எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது. விண்ணப்பிக்கும் முன் பள்ளி எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் கிடைத்த பிறகு வரும் தொல்லைதான் என்னை அதிகம் வருத்துகிறது. சில பள்ளிகளில் இந்தக் குழந்தைகளை "இலவசப் பிள்ளைகள்" என்று அழைக்கிறார்கள். தனி வரிசையில் உட்கார வைக்கிறார்கள், சுற்றுலாவுக்கு அழைப்பதில்லை. நான்கு வயதுக் குழந்தைக்குச் சட்டம் புரியாது. ஆனால், தன்னை ஏன் தள்ளி உட்கார வைத்தார்கள் என்ற கேள்வி அதற்கு உண்டு. அந்த இருக்கை யாருடைய கருணையிலும் வந்ததல்ல. அதற்கான தொகையை அரசு பள்ளிக்கு ஈடுசெய்ய வேண்டும் என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது. மன உளைச்சல் தருவதை 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. சேர்க்கைக்காகக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் என்று வடிகட்டினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

இப்படி நடந்தால் வாய்மொழியாகச் சண்டை போடாதீர்கள். தேதி, பேசியவர், சொன்ன சொல் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு கல்வி அதிகாரியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள். 32-ஆம் பிரிவின்படி மூன்று மாதங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவு நியாயமாகப் படவில்லை என்றால், மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.